வாய் வெந்தவர்களுக்குச் சமைத்தவர்

உக்கடத்தில் இறங்கி அடுத்த பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது சாந்தியின் அழைப்பு வந்தது. சாந்தி எங்கள் பழைய பராமரிப்பு மையத்தில் நர்ஸாக இருந்தவள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. எடுத்தவுடன், "அக்கா, மாஸ்டர் காலைல தவறிட்டாருங்க" என்றாள். பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் மறுபடியும் கேட்டேன். அவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று போனைப் புரட்டினேன். மையத்தில் அவர் கையால் சாப்பிட்டவர்களின் எண்களை, பெயருக்கு முன்னால் 'மையம்' என்று சேர்த்துப் பதிந்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், மீதிப் பேரில் பலரின் எண்கள் மாறிவிட்டன. சொல்லக்கூடியவர்கள் என்று மூன்று பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வீட்டில் மருமகள் இருக்கிறாள், இனி இந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டாம் என்று தணிந்த குரலில் சொல்லி வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஏற வேண்டிய பேருந்து அதற்குள் போயிருந்தது.

நாச்சிமுத்து என்று இங்கே எழுதுகிறேன். அது அவர் பெயர் அல்ல. ஒருவர் இறந்த பிறகு அவரைப் பற்றி எழுதும்போதாவது பெயரைப் போட்டு எழுத வேண்டும். என்னால் முடியவில்லை. அவருடைய மகள் ஒரு குடும்பத்தில் மருமகளாக வாழ்கிறாள், அங்கே யாருக்கும் இது தெரியாது. அதனால் மையத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இந்த வேலையில் இருந்த நம்மில் அவரை அறிந்தவர்களுக்கு 'மாஸ்டர்' என்ற சொல்லே போதும். அறியாதவர்களுக்கு, அவர் கல்யாணச் சமையல் செய்துகொண்டிருந்தவர், எச்.ஐ.வி.யோடு பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் என்ற இரண்டு செய்திகள் போதும்.

கொடுமுடியிலிருந்து காங்கேயம் வரை அவர் கரண்டி பிடிக்காத மண்டபம் குறைவு என்பார்கள். ஆயிரம் இலைக்கு ஒரே ஆளாக உப்புப் பார்ப்பாராம். விடாத காய்ச்சலுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்தபோது இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. என்று வந்தது. மனைவிக்கும் பார்த்தார்கள், அவருக்கும் இருந்தது. பத்து வயது மகளுக்கு இல்லை. மனைவி அந்த வருடமே போய்விட்டார். மகளை மாமன் வந்து அழைத்துப் போனார்.

செய்தி யார் வழியாக வெளியே வந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே பேசி முடித்திருந்த ஒரு கல்யாணத்தின் பெண் வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்தார்களாம். உட்கார்ந்து, உடம்பைப் பற்றி விசாரித்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்து, போகும்போது அந்த வீட்டுப் பெரியவர் சொன்னதை மாஸ்டர் அப்படியே எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறார்: "தப்பா நெனச்சுக்காதீங்க மாஸ்டர். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க. நாங்க வேற ஆளுப் பாத்துக்கறமுங்க." எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். அடுத்த ஒரு மாதத்தில் அந்த முகூர்த்தப் பருவம் முழுவதும் கைவிட்டுப் போயிற்று. அவரிடம் வேலை பார்த்த ஆட்கள் வேறு மாஸ்டர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

மையத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் அங்கே உணவு ஆலோசகராகச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எடை பார்க்க இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். முப்பத்தெட்டு கிலோ. வாயும் தொண்டையும் வெள்ளை படிந்து வெந்து கிடந்தன. நான் மனையியல் படித்துவிட்டு வந்தவள். சுவரில் நானே எழுதி ஒட்டிய உணவு அட்டவணை ஒன்று இருந்தது. காலையில் பால், முட்டை. பதினொரு மணிக்கு ஆப்பிள். மாலையில் பாதாம் நான்கு. நாலைந்து வாரம் கழித்து மருந்தும் கஞ்சியுமாக அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய நாளில் அந்த அட்டவணைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, இது ஆருக்குங்க எழுதியிருக்குது?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அவர் உண்மையாகவே கேட்டார். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் விசைத்தறி ஓட்டியவர்கள், லாரியில் போனவர்கள், களை வெட்டியவர்கள். யாருக்காக எழுதினேன் என்று எனக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அந்தத் தாளைக் கிழித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அவர் மையத்துச் சமையல்கட்டுக்குள் போனார். முன்பு சமைத்துக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டதால் யாரும் தடுக்கவில்லை. போனவர் ஆறு ஆண்டுகள் வெளியே வரவில்லை.

முதல் நாள் அவர் வைத்த குழம்பை இன்றும் சாந்தி சொல்வாள். கல்யாணக் குழம்பு. வாசம் வாசல்வரை வந்தது. ஒரு வாய் வைத்த லாரி டிரைவர் ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார். மிளகாயும் புளியும் வெந்த வாயில் பட்டால் எப்படி இருக்கும் என்று மாஸ்டருக்குத் தெரியாதது அல்ல. கை பழக்கத்தில் போட்டுவிட்டது. அந்தக் குழம்பு முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் கொட்டினார். அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் தினமும் வாக்குவாதம். முட்டையை அரைவேக்காட்டில் எடுக்கக் கூடாது என்பேன், முழுக்க வெந்தால் தொண்டையில் இறங்காது என்பார். கொதித்து ஆறிய தண்ணீர்தான் என்பேன், அதற்கு மட்டும் மறுபேச்சு இருக்காது. களியை மோர் விட்டுக் கரைத்தார். பச்சைப்பயற்றைக் குழைய வேகவைத்துக் கடைந்தார். நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்து, கஞ்சியில் கலந்தார். மெல்லாமல் விழுங்கக்கூடியதாக, காரமில்லாததாக, ஆனால் வாய்க்குச் சோறு தின்ற நினைப்பு வருவதாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "பத்தியச் சாப்பாடுன்னு தெரிஞ்சாலே பாதி வவுறு மூடிக்குமுங்க" என்பார்.

பவானிப் பக்கத்திலிருந்து வந்த ராணியை நம்மில் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். தறியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள். வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு கட்டத்தில் அவள் அதை எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் புரட்டுகிறது என்று மாத்திரையையும் நிறுத்தினாள். மையத்துக்கு வந்தும் ஐந்து நாள் எதையும் விழுங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். ஆறாம் நாள், சின்ன வயதில் பிடித்தது எது என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். சந்தகை என்றாளாம்.

மையத்தில் சந்தகை பிழியும் அச்சு கிடையாது. பக்கத்துத் தோட்டத்து வீட்டில் எதற்கென்று சொல்லாமல் இரவல் வாங்கி வந்தார். வெல்லம் போடக் கூடாது, வாயில் வெள்ளை படிந்திருக்கும்போது இனிப்பு ஆகாது என்று நான் சொன்னதற்கு, வெல்லமில்லாமல் சந்தகையா என்று என்னை முறைத்தார். ஆனாலும் போடவில்லை. கெட்டித் தேங்காய்ப்பாலில் நனைத்து, நன்றாக ஆறவைத்து, நூல்நூலாகப் பிரித்து ஒவ்வொரு விரற்கடையாகக் கொடுத்தார். அரைத் தட்டு சாப்பிட்டாள். முடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்ண்ணா" என்றாள். நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை அது. பதினோரு நாள் கழித்து இறந்துபோனாள். உடலை வாங்கிப் போக யாரும் வரவில்லை.

நான் அப்போது இருபத்தெட்டு வயதுக்காரி. இத்தனை செய்தும் ஏன் பிழைக்கவில்லை என்று சமையல்கட்டில் நின்று அழுதேன். மாஸ்டர் அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நாம ஆரையும் காப்பாத்தறதில்லீங்க அம்மணி. பசியோட போகாம பாத்துக்கறம். அவ்வளவுதான்." அது எனக்கு ஆறுதலாக இல்லை. இப்போதும் ஆறுதலாக இல்லை.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபின் கொஞ்ச காலம் நன்றாகவே போனது. எடை ஏறியவர்களை வீட்டுக்கு அனுப்பினோம். அனுப்பும்போது கம்பும் ராகியும் பயறும் கடலையும் வறுத்து அரைத்த மாவு ஒரு பையில் கட்டிக் கொடுப்பார். மறுமாதம் அவர்கள் எடை பார்க்க வரும்போது குறைந்திருக்கும். அந்த மாவை வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தால் பிள்ளைகள் என்பார்கள். ஒரு தாயிடம் நான் கடிந்துகொண்டேன், இது உனக்கான மருந்து மாதிரி, பங்கு வைக்கக் கூடாது என்று. அவள் போன பிறகு மாஸ்டர் என்னிடம், பசித்த பிள்ளைகளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு ஒரு பொம்பளை எப்படித் தனியாகத் தின்பாள் என்று கேட்டார். அதன்பிறகு பையைப் பெரிதாக்கினார். அதுவும் போதவில்லை.

இனி எழுதப்போவதை அவர் இருக்கும்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு என் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள் வந்தது. மையத்தில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அன்று மத்தியானம், யாரும் எதிர்பாராமல், மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். கையில் ஒரு தூக்குப்போசி. திறந்தால் கச்சாயம். வெல்லமும் அரிசிமாவும் நெய் வாசத்தோடு, இன்னும் சூடாக இருந்தது. "என்ற புள்ளைக்கு இதுன்னா உசுருங்க. பாப்பாவுக்கும் புடிக்குமுன்னு செஞ்சு போட்டனுங்க" என்றார். அவர் மகளைப் பார்த்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவரைப் பற்றி என் மாமியாருக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். அவர் மரியாதையாக வாங்க என்று சொல்லி, நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனார். என் மகள் ஓடி வந்து போசிக்குள் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பறம் தின்னலாம் கண்ணு. இப்பத்தான கேக் சாப்பிட்ட."

கேக் இன்னும் வெட்டவே இல்லை. அது ஜன்னல் ஓரத்து மேசைமேல் முழுசாக இருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, என் மகளிடம் குனிந்து, "ஆமாங் கண்ணு, அம்மா சொல்றது சரித்தான். இப்பத் தின்னா வவுறு வலிக்கும்" என்றார். எனக்காக அவர் பொய் சொன்னார். இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுப்பில் வேலை கிடக்கிறது என்று எழுந்து போனார்.

எச்.ஐ.வி. சாப்பாட்டில் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது, சமைக்கிறவரால் பரவாது என்று நான் அதற்குள் எத்தனை ஊர்களில், எத்தனை பேர் முன்னால் பேசியிருந்தேன். மையத்தில் தினமும் மத்தியானம் அவர் கையால் வாங்கித்தான் நான் சாப்பிட்டேன். அதில் எனக்கு ஒரு துளி பயம் இருந்ததில்லை. என் குழந்தையின் கை என்றதும் பிடித்துக்கொண்டேன். மாமியார் இருந்தார், கணவர் கேட்பார் என்றெல்லாம் பல நாள் எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கையைப் பிடித்தது மாமியார் அல்ல. சமையலறையில் நின்று நான் மூன்று கச்சாயம் தின்றேன். மீதியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் போசியைக் கழுவிக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, பாப்பா நான்கு தின்றாள், ரொம்பப் பிடித்திருந்தது என்றேன். "அப்படீங்களா, சந்தோசமுங்க" என்று வாங்கிக்கொண்டார். குரலில் ஒன்றும் இல்லை. அன்றும் எனக்கு எப்போதும் போலச் சோறு போட்டார். ஆனால் அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளில் அவர் என் வீட்டுக்கு வரவும் இல்லை, எதுவும் கொடுத்தனுப்பவும் இல்லை.

மையம் மூடியதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. நிதி நின்றது. மாத்திரை எல்லோருக்கும் கிடைக்கிறது, இனிப் படுக்கைகள் தேவையில்லை என்றார்கள். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை வீடுகளுக்கு அனுப்பும்படி கடிதம் வந்தது. வீடு என்று அவர்களில் எத்தனை பேருக்கு இருந்தது என்று கடிதம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. கடைசி நாள் பாத்திரங்களைச் சரிபார்க்க ஒருவர் வந்தார். மாஸ்டர் அவர் பக்கத்தில் போய், நாளைக்கு இவர்களெல்லாம் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேட்டார். வேறு திட்டங்களோடு இணைத்துவிடுவோம் என்று அவர் சொன்னார். மாஸ்டர், "இல்லீங்க, நாளைக்குங்க. நாளைக்குக் காலைல" என்றார். வந்தவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். அண்டா மூன்று என்று வாசித்தார். அந்தப் பன்னிரண்டு பேரில் அடுத்த தைக்குள் ஏழு பேர் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளில் சமையல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பல்லடம் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் இட்லி போட்டார். பழைய கல்யாணச் சமையல் ஆட்களில் ஒருவன் அடையாளம் கண்டுகொண்டான். மூன்றே நாளில் வண்டிப் பக்கம் யாரும் வரவில்லை. பிறகு ஒரு மில் ஹாஸ்டலில் சேர்ந்தார். மாதம் ஒரு நாள் எதற்கு லீவு என்று அங்கே துருவிக் கேட்டதும் அவரே நின்றுவிட்டார். கடைசியில் ஈரோட்டில் ஒரு மஞ்சள் குடோனில் வாட்ச்மேன் ஆனார். குடோனை ஒட்டிய ஒற்றை அறையில் தனியாக இருந்தார். மாத்திரை வாங்க மட்டும் கோவைக்கு வருவார். ஈரோட்டில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள், மகளுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பார். நான் இங்கே ஒரு கூட்டு மருந்து மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்திருந்ததால் மாதம் ஒருமுறை அவரைப் பார்க்க முடிந்தது.

மகளுக்குக் கல்யாணம் ஐந்து வருடத்துக்கு முன் நடந்தது. பெருந்துறைப் பக்கம் ஒரு மண்டபம். மாமன் வந்து, நீங்கள் வராமல் இருக்க வேண்டாம், ஆனால் மேடைக்கு வர வேண்டாம், சமையல்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பா இல்லை என்று சொல்லித்தான் பேசி முடித்திருந்தார்கள். மாஸ்டர் என்னைத் தன்னோடு வரச் சொன்னார். வேறு யாரையும் அவரால் கேட்க முடியாது. நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். தாரை வார்த்துக் கொடுப்பதை மாமனும் அத்தையும் செய்தார்கள். தாலி கட்டும்போது எல்லோரும் எழுந்து நின்றதால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நின்று பார்க்கலாம் என்றேன். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டோம். பரிமாறுகிறவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பருப்புக்கு நெய் விடாமல் போன ஆளைக் கூப்பிடப் பார்த்து, பிறகு வாயை மூடிக்கொண்டார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் பேசினார். "ரசத்துல புளி தூக்கலாயிடுச்சுங்க." அவ்வளவுதான் சொன்னார். ஈரோடு வரும்வரை அந்த ரசத்தைப் பற்றியே பேசினோம்.

போன வருடம் முதல் அவருடைய எடை இறங்கத் தொடங்கியது. மாத்திரை ஒழுங்காகப் போட்டார், கிருமியும் கட்டுக்குள்தான் இருந்தது. எடை மட்டும் மாதாமாதம் ஒன்று, ஒன்றரை என்று இறங்கியது. பிறகு காசநோய் இருப்பது தெரிந்தது. இரண்டு மருந்தும் சேர்ந்து வயிற்றைப் புரட்டுகிறது என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பன், டீ என்பார். நான் அவருக்கே உணவு அட்டவணை சொல்லத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லாம் தெரியுமுங்க அம்மணி. ஒருத்தனுக்குன்னு அடுப்பு பத்த வெக்க மனசு வர மாட்டீங்குது" என்றார்.

அன்று நான் என்ன செய்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். எல்லோருக்கும் கொடுக்கிற சத்துமாவு டப்பா இரண்டை அவருக்கும் கொடுத்தேன். எல்லோரிடமும் வாங்குகிற கையெழுத்தை வாங்கினேன். என் வீடு அங்கிருந்து இருபது நிமிடம். மாமியார் காலமாகிவிட்டார், மகள் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். வாங்கண்ணா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. சொல்ல நினைத்தேன். கூப்பிட்டால் அந்தப் பழைய பிறந்தநாள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று பயந்தேன். அடுத்த மாதம் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் அவரைச் சக்கர நாற்காலியில்தான் கொண்டுவந்தார்கள். முப்பத்தொன்பது கிலோ. சாந்தி இப்போது வேலை பார்க்கிற வார்டில் இருபது நாள் இருந்தார். ஒரு நாள் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டு, போதும் என்று கையைக் காட்டினார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். நன்றாக இல்லை என்று எனக்கே தெரியும்.

மின்மயானத்தில் ஆறு பேர் இருந்தோம். மகள் ஆட்டோவில் வந்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். எங்கே போகிறேன் என்று வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ. காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சாந்தியிடம், கடைசியில் அப்பா ஏதாவது கேட்டாரா என்றாள். எதுவும் கேட்கவில்லை என்று சாந்தி சொன்னாள். ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டாள். காரியத்துக்கு யாரும் சமைக்கவில்லை. நாங்கள் ஆறு பேரும் ரோட்டோரம் ஒரு கடையில் டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, போனில் ஒரு குரல் பதிவு. இந்தச் சித்திரையில் எங்கள் மையத்துக்குத் தொண்டைப் புண்ணோடு ஒருவர் வந்தார். கட்டட வேலைக்காரர், தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர். அவரால் எதையும் விழுங்க முடியவில்லை. அறையில் இருக்கிற ஒற்றை அடுப்பில் அவருக்கு என்ன செய்துகொள்ளச் சொல்லலாம் என்று மாஸ்டரிடம் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். குடோனிலிருந்து குரலாகப் பதில் அனுப்பியிருந்தார். அரிசியை நொய்யாக உடைத்து, பாசிப்பருப்பை லேசாக வறுத்துச் சேர்த்து, குழைய விட்டு, இறக்கும்போது ஒரு கரண்டி கடலெண்ணெய் விட்டு, நன்றாக ஆறவைத்து என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நடுநடுவே இருமுகிறார். அந்தக் கட்டட வேலைக்காரர் அடுத்த மாதம் வரவில்லை. பிறகும் வரவில்லை.

பதிவின் முடிவில் மாஸ்டர் இதைச் சொல்கிறார்: "குடுத்துப்போட்டு வந்தராதீங்க அம்மணி. ஆராச்சும் சித்த நேரம் பக்கத்துல உக்காரோணும். தனியா உட்டாத் திங்க மாட்டாங்க." அப்புறம், "வெச்சரட்டுங்களா?" என்று கேட்கிறார். இது போன் பேச்சு இல்லை, அப்படிக் கேட்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியாது. நான் ஏதாவது சொல்வேன் என்று மூன்று நான்கு விநாடி காத்திருக்கிறார். லாரி ஒன்று போகிற சத்தம் கேட்கிறது. பிறகு பதிவு நின்றுவிடுகிறது.